ஐம்பத்தொரு முட்டைக்குப் பதினைந்து பேர்

நுணாக்குட்டையில் அந்த வாரம் ஆம்பளை என்று ஒருத்தன்தான் மிச்சம் இருந்தான். அவன் பெயர் பிச்சைமுத்து. வீரத்தினால் இருந்தான் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். போலீஸ் வேன் என்று தூரத்தில் யாராவது பேசினாலே வீட்டுக்குள் போய்த் தாழ் போட்டுக்கொள்கிற மனுசன் அவன். முட்டையைத் திருப்பிப் போட வேறு ஆள் இல்லை, அதனால் இருந்தான்.

முட்டைக் கதையை முதலில் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் மற்றது விளங்காது. எண்பத்தேழாம் வருஷம் சித்திரையில் ஊருக்குள் வெள்ளைக் கழிச்சல் வந்தது. காலையில் மேயப்போன கோழி சாயங்காலம் கழுத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பி வந்தது, மறுநாள் இல்லை. ஒரே மாதத்தில் கூடைகள் காலி. ஊரின் பதினேழு வீட்டிலும் ஆளுக்கொரு கோழிதான் தப்பியது. அவையும் முட்டை இட்டதோடு சரி, ஒன்றுகூட அடைக்கு உட்காரவில்லை. கல்வராயன் மலை அடிவாரத்து ஊரில் கோழி என்றால் சும்மா இல்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் கோழி, மகள் பேறுகாலத்துக்கு வந்தால் கோழி, அய்யனாருக்கு நேர்ந்துகொண்டால் கோழி. புருசனைக் கேட்காமல் ஒரு பொம்பளை எடுக்கவும் கொடுக்கவும் முடிகிற சொத்து அது ஒன்றுதான்.

பிச்சைமுத்து ஆத்தூர்ப் பக்கம் ஒரு குஞ்சு பொரிக்கும் பண்ணையில் இரண்டு வருஷம் முட்டை திருப்பும் வேலை பார்த்தவன். அந்தத் தைரியத்தில் ஒரு டீத்தூள் பெட்டியை எடுத்து, சுற்றிலும் சாக்கு அடித்து, சாக்குக்கும் பலகைக்கும் நடுவே உமியை நிரப்பி, மேலே இரண்டு நாற்பது வாட் பல்பைத் தொங்கவிட்டான். ஈரத்துக்கு ஒரு கொட்டாங்குச்சியில் தண்ணீர். கரண்ட் போனால் உள்ளே வைக்க ஒரு அரிக்கேன் லைட்டு. சூடு பார்க்க, ஆஸ்பத்திரியில் அக்குளில் வைப்பார்களே, அந்தத் தர்மாமீட்டர். நூறு டிகிரி இருந்தால் மனுசனுக்குக் காய்ச்சல், முட்டைக்கு ஆரோக்கியம்.

பதினேழு வீட்டுப் பொம்பளைகளும் ஆளுக்கு மூன்று முட்டை கொண்டுவந்து கொடுத்தார்கள். மொத்தம் ஐம்பத்தொன்று. ஒற்றைப்படையாக இருந்ததில் எல்லோருக்கும் திருப்தி, ஏனென்றால் இரட்டைப்படையில் அடை வைத்தால் விளங்காது. நாளைக்கு யார் குஞ்சு யாருடையது என்று சண்டை வரக்கூடாதே என்று பிச்சைமுத்து ஒவ்வொரு முட்டையிலும் கொடுத்தவள் பெயரைப் பென்சிலால் எழுதினான். கொளஞ்சியம்மாள், கொளஞ்சியம்மாள், கொளஞ்சியம்மாள். பூமாலை, பூமாலை, பூமாலை. தன் வீட்டு மூன்றில் பெண்டாட்டி பெயர், குஞ்சம்மாள். வாழ்நாளில் அவன் செய்த ஒரே எழுத்து வேலை அது.

குஞ்சம்மாள் தன் பங்குக்கு ஒரு ஒடிந்த அரிவாள் நுனி, ஒரு கரித்துண்டு, மூன்று காய்ந்த மிளகாய் கொண்டுவந்து பெட்டிக்குள் வைத்தாள். அடைக்கூடையில் இவை இருந்தால் இடி இடித்தாலும் முட்டை கலங்காது.

"இது மிஷினு. இதுல அதெல்லாம் வாணாம்" என்றான் பிச்சைமுத்து.

"இடிக்குத் தெரியுமா இது மிஷினுன்னு?" என்றாள் அவள்.

அரிவாள் நுனி உள்ளேயே கிடந்தது.

முட்டை வைத்த பன்னிரண்டாம் நாள், சின்னசேலம் போகும் சாலையில் இருந்த புளியமரங்கள் படுத்துக் கிடந்தன. இட ஒதுக்கீடு கேட்டு அந்த வாரம் மாவட்டம் பூராவும் மறியல். மரம் எப்படி விழுந்தது என்று நுணாக்குட்டையில் யாரைக் கேட்டாலும் காற்று என்றார்கள். பதினாலாம் நாள் பக்கத்து ஊருக்கு வேன் வந்தது, கதவு உடைந்தது, பிடிபட்டவர்களை ஏற்றிக்கொண்டு போனார்கள் என்று செய்தி. அன்று மத்தியானமே ஆண்கள் ஆளுக்கொரு சோற்று மூட்டையோடு மலைக்குக் கிளம்பிவிட்டார்கள்.

குஞ்சம்மாளின் அண்ணன் வீரமுத்து, பிச்சைமுத்துவின் வாசலில் வந்து நின்றான்.

"கெளம்பு மாப்ள. வேனு வந்தா உன்னத்தான் மொதல்ல அள்ளிக்கினு போவான்."

"நான்தான் மறியலுக்கே வரலியே மச்சான். அன்னிக்கி இத்தத் திருப்பிப் போட்டுக்கினு இருந்தேன்."

"அவனுங்களுக்கு அது தெரியுமா?"

"ஒரு நாளைக்கு மூணு வாட்டித் திருப்பணும். உட்டா குஞ்சு ஓட்டோட ஒட்டிக்கும். உன் பொண்டாட்டி முட்டையும்தான் உள்ள கெடக்குது."

வீரமுத்து பெட்டியைப் பார்த்தான், மலையைப் பார்த்தான். "நல்லா திருப்பு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

பதினைந்தாம் நாள் காலை பத்து மணிக்கு மேலப்பாதை காவல் நிலையத்து ஜீப் வந்தது. இன்ஸ்பெக்டர் நாராயணசாமி இறங்கினார். கூடவே ரைட்டர் தங்கதுரை. ரைட்டர் என்றால் ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்க்கும் ஏட்டு. இன்ஸ்பெக்டருக்கு லத்தி எப்படியோ, தங்கதுரைக்குப் பேனா அப்படி. தெருவில் பதினாறு வீட்டைத் தட்டினார்கள். பொம்பளைகள் கதவைத் திறந்து, இல்லை என்றார்கள். பதினேழாவது வீட்டில் பிச்சைமுத்து கையில் முட்டையோடு குந்திக்கொண்டிருந்தான்.

இன்ஸ்பெக்டருக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"ஊரே ஓடிப்பூடுச்சி. நீ மட்டும் இன்னாத்துக்குடா ஓடல?"

"நான் ஒண்ணும் பண்ணலைங்க சார்."

"ஒண்ணும் பண்ணாதவன்லாம் பயந்துக்கினு மலைக்குப் பூட்டான். நீ பயப்படலன்னா என்னா அர்த்தம்?"

பிச்சைமுத்து யோசித்துப் பார்த்தான். பயமாகத்தான் இருந்தது. "பயந்துக்கினுதான் சார் இருக்கேன்" என்றான்.

"ரைட்டர், எழுதிக்குங்க. பயப்படுறதா ஒத்துக்கினான்."

பெட்டியைத் திறந்தார்கள். ரைட்டர் தங்கதுரை உட்கார்ந்து மகஜர் எழுத ஆரம்பித்தார். பறிமுதல் செய்த பொருள்களின் பட்டியல்தான் மகஜர். இப்படி எழுதினார்: அரிவாளின் நுனி ஒன்று, ஒரு விரல் நீளம், புளியமரங்களை வெட்டப் பயன்பட்டது. கரித்துண்டு ஒன்று, மரங்களை எரித்ததற்கு அத்தாட்சி. காய்ந்த மிளகாய் மூன்று, காவலர் கண்ணில் தூவுவதற்காகப் பதுக்கியது. தர்மாமீட்டர் ஒன்று, எதனுடைய சூட்டையோ அளப்பதற்காக. கோழி முட்டை ஐம்பத்தொன்று.

"சார், ஒரு விரல் நீளத்த வெச்சிக்கினு அம்மாம்பெரிய மரத்த வெட்ட முடியுமா சார்?"

"வெட்டி வெட்டித்தானடா தேஞ்சி இத்துனூண்டு ஆயிருக்குது" என்றார் ரைட்டர். அவர் கோபமாகச் சொல்லவில்லை. விளங்காதவனுக்கு விளக்கும் பொறுமையோடுதான் சொன்னார்.

பெட்டியையும் அவனையும் ஜீப்பில் ஏற்றினார்கள். குஞ்சம்மாள் வண்டிப் பின்னாலேயே ஓடிவந்தாள். "குலுக்காம ஓட்டுங்கய்யா, உள்ள உசுரு இருக்குது" என்று அவள் கத்தியது முட்டைக்கா புருசனுக்கா என்று டிரைவருக்குத் தெரியவில்லை.

ஸ்டேஷனில் ஒரு நன்மை இருந்தது. அங்கே கரண்ட் போவதே இல்லை. மகஜரில் கண்ட பொருள் கண்ட நிலையிலேயே கோர்ட்டுக்குப் போக வேண்டும் என்பது சட்டம் என்று ரைட்டர் சொன்னார். கண்ட நிலை என்றால் சூடாக இருந்த நிலை. அதனால் இரண்டு பல்பும் அணையாமல் எரிந்தன. மூன்று வேளையும் லாக்-அப்பைத் திறந்து பிச்சைமுத்துவை வெளியே விட்டு, முட்டையைத் திருப்பச் சொல்லி, மறுபடியும் பூட்டினார்கள். இரண்டாம் நாளிலிருந்து பாரா நிற்கும் போலீஸ்காரரே மணியானதும், "யோவ், திருப்பலியா?" என்று கேட்கத் தொடங்கினார்.

இன்ஸ்பெக்டர் நாராயணசாமி கெட்ட மனுசன் இல்லை. அதுதான் வினை. கெட்டவன் என்றால் ஒரு அடி அடித்துவிட்டு விடுவான். இவர் நாற்காலியை லாக்-அப் கம்பிக்கு எதிரே போட்டுக்கொண்டு, பிச்சைமுத்துவுக்கு நியாயம் எடுத்துச் சொன்னார்.

"இங்க பாரு பிச்சைமுத்து. நாடே ஒதுக்கீடு ஒதுக்கீடுன்னு கத்திக்கினு கெடக்குது. எங்க டிபார்ட்மெண்டுல அத்த எப்பவோ குடுத்தாச்சு. சனத்தொகைய வெச்சி, ஊருக்கு இத்தினி பேருன்னு மேல இருந்து தாளு வந்துருக்குது. பெரிய ஊருக்கு நாப்பது, நடு ஊருக்கு இருவத்தஞ்சி, உங்க ஊருக்குப் பதினஞ்சி. எந்த ஊரையும் உட்டுடல. எங்களுக்குக் கம்மி பண்ணிட்டாங்கன்னு ஒருத்தன் வந்து நிக்க முடியாது."

"மரத்த வெட்டுனவன் யாருன்னு பாக்க மாட்டாங்களா சார்?"

"அதப் பாத்தா பாரபட்சமாயிடும்யா. ஒரு ஊர்ல முப்பது பேர் வெட்டியிருப்பான், இன்னொரு ஊர்ல ஒருத்தனும் வெட்டியிருக்க மாட்டான். அப்ப அந்த ஊர்க்காரன் மனசு இன்னா பாடுபடும்? மனு குடுக்காம, மறியல் பண்ணாம, வூடு தேடி வர்ற ஒதுக்கீடு இந்த நாட்டுல இது ஒண்ணுதான். அனுபவிக்கத் தெரியாம ஓடிப்பூட்டானுங்க."

இன்ஸ்பெக்டரின் குரலில் நிஜமான வருத்தம் இருந்தது. பதினைந்துக்கு ஒன்றுதான் கைவசம் இருந்தது. மற்ற பதினாலு பேரின் பேர்கூட அவருக்குத் தெரியாது. ஊர்ப் பொம்பளைகளைக் கேட்டால், புருசன் பேரைச் சொல்லும் வழக்கம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

பதினேழாம் நாள் காலை, முட்டை திருப்பும்போது ரைட்டர் தங்கதுரை காப்பி டம்ளரோடு பக்கத்தில் வந்து குனிந்தார். குனிந்தவர் நிமிரவே இல்லை.

"இன்னாய்யா இது, பேரா?"

பிச்சைமுத்துவுக்கு அப்போதுதான் உறைத்தது. ஊரில் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. பேனா பிடித்துப் பழகாத கையால், அழகாக, தெளிவாக, ஒரே பேரை மூன்று மூன்று தடவையாக, ஊரையே அவன் எழுதி வைத்திருக்கிறான்.

"அது பொம்பளைங்க பேருங்க சார். முட்டை குடுத்தவங்க."

"பொம்பளைக்குப் புருசன் இருப்பான்ல?" என்ற ரைட்டர், வாக்காளர் பட்டியலை எடுத்துவரச் செய்து ஒரு மணி நேரத்தில் வேலையை முடித்துவிட்டார். கொளஞ்சியம்மாள் முட்டைக்கு நேரே வீரமுத்து. மற்றவர்களும் வரிசையாக இறங்கினார்கள். பூமாலை என்று எழுதிய முட்டைக்கு நேரே முனியன்.

"முனியன் செத்து மூணு வருசமாச்சுங்க. பாம்பு கடிச்சி."

"ஆளு இல்ல, அவ்ளோதானே?" என்று கேட்டுவிட்டு, ரைட்டர் அந்தப் பேருக்குப் பக்கத்தில் 'தலைமறைவு' என்று எழுதினார்.

பதினேழு பேர் கிடைத்துவிட்டார்கள். இப்போது புதுச் சிக்கல். ஒதுக்கீடு பதினைந்துதான். இரண்டு பேர் ஜாஸ்தி. இரண்டு பேரைக் கழிக்க வேண்டும். யாரைக் கழிப்பது? இன்ஸ்பெக்டர் அன்று பூராவும் சரியாகச் சாப்பிடவில்லை. ஒருத்தனை விட்டால் இன்னொருத்தனுக்கு அநியாயம் செய்தது போல ஆகும், அந்தப் பழி தனக்கு வேண்டாம் என்றார். மறுநாள் ரைட்டர்தான் வழி கண்டுபிடித்தார்.

"சார், முட்டைய லைட்டுல வெச்சிப் பாத்து, கெட்டுப்போனதக் கழிப்பாங்களாம். இவன்தான் சொன்னான். எந்த வூட்டு முட்டை கூமுட்டையோ, அந்த வூட்டக் கழிச்சிடுவோம். இதுல நம்ம கை எதுவும் இல்ல பாருங்க."

இன்ஸ்பெக்டர் எழுந்து நின்று ரைட்டரின் கையைப் பிடித்துக்கொண்டார். "விஞ்ஞானம்யா. சுத்தமான விஞ்ஞானம்" என்றார்.

மத்தியானம் லாக்-அப் ஜன்னலில் கம்பளியைக் கட்டி உள்ளே இருட்டாக்கினார்கள். பிச்சைமுத்து பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தான். கையில் ஸ்டேஷன் டார்ச் லைட்டு. ஒரு பக்கம் இன்ஸ்பெக்டர், மறுபக்கம் பட்டியலோடு ரைட்டர். உயிர் இருக்கிறது என்று அவன் சொன்னால் அந்த வீட்டுக்காரன் பட்டியலில் இருப்பான், மலையில் ஆள் தேடி அடித்து இழுத்துவருவார்கள். கூமுட்டை என்று சொன்னால் ஆள் தப்பிப்பான், முட்டை குப்பைக்குப் போகும். அந்த வீட்டில் இனி ஒரு கோழிக்கு வழி இல்லை.

முதல் முட்டையை எடுத்தான். கொளஞ்சியம்மாள். டார்ச்சின் வாயில் விரல்களைக் குவித்து அதன்மேல் முட்டையை வைத்தான். பதினெட்டாம் நாள் முட்டையில் வெளிச்சம் நுழையாது, உள்ளே குஞ்சு நிறைந்து கிடக்கும். அகலமான முனையில் மட்டும் கொஞ்சம் வெளிச்சம். அந்த வெளிச்சத்துக்குள் ஒரு சின்ன மூக்கு வந்து முட்டிவிட்டுப் போனது. பண்ணையில் லட்சம் முட்டை பார்த்தவன்தான், ஆனாலும் இது வேறு.

"கூமுட்டைங்க" என்றான்.

"எப்பிடிச் சொல்ற?"

"பாருங்க சார். உள்ள ஒரே இருட்டு."

இன்ஸ்பெக்டர் எட்டிப் பார்த்தார். இருட்டாகத்தான் இருந்தது. ரைட்டர் பட்டியலில் வீரமுத்துவின் பேரை அடித்தார். அடுத்த வீடு, கூமுட்டை. அதற்கடுத்த வீடு, கூமுட்டை. நாலாவது வீடும் கூமுட்டை என்றதும் இன்ஸ்பெக்டர் செருமினார்.

"பதினஞ்சுக்குக் கீழ போவுதுய்யா."

"முட்டையில இன்னா இருக்குதோ அத்தத்தானுங்க சார் சொல்ல முடியும்."

ரைட்டர் பேனாவை மூடினார். "ஒண்ண ஒடைச்சிக் காட்டு" என்றார்.

பிச்சைமுத்துவின் கை பெட்டிக்குள் போனது. ஏழாம் நாள் பார்த்தபோதே பூமாலையின் முட்டை ஒன்றில் கரு பிடிக்கவில்லை. புருசனும் இல்லாதவள், மூன்றில் ஒன்று போச்சு என்று எப்படிச் சொல்வது என்று எடுத்துப் போடாமல் விட்டுவைத்திருந்தான். அந்த இரக்கம் பத்து நாள் சூட்டில் நன்றாக வெந்து ஊறிக் கிடந்தது. அதை எடுத்துத் தரையில் ஒரு தட்டுத் தட்டினான்.

பட்டென்று வெடித்தது. அந்த நாற்றத்தை எழுத்தில் கொண்டுவர முடியாது, வேண்டியதும் இல்லை. இன்ஸ்பெக்டர் தொப்பியை விட்டுவிட்டு ஓடினார். பாரா நின்றவர் துப்பாக்கியோடு ஓடினார். ரைட்டர் மட்டும் கடமை தவறாமல், எதிரே இருந்த வேப்பமரத்தடியில் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்று, "மிச்சத்தயும் பாத்துச் சொல்லு" என்று அங்கிருந்தே கூவினார்.

பிச்சைமுத்து உள்ளிருந்து ஒவ்வொரு பெயராகச் சொன்னான். எல்லாம் கூமுட்டை. செத்துப்போன முனியன்கூட அன்றைக்குத்தான் விடுதலையானான். கடைசியில் குஞ்சம்மாள் என்று எழுதிய மூன்று முட்டை மிஞ்சியது. ஒரு பெயராவது இல்லாமல் இந்தக் காகிதத்தை மூட மாட்டார்கள், மூடாவிட்டால் மறுபடியும் முதலிலிருந்து தேடுவார்கள் என்று அவனுக்குப் புரிந்திருந்தது.

"இது மூணுலயும் உசுரு இருக்குதுங்க" என்றான்.

சோறு கொண்டுவந்த குஞ்சம்மாள் வாசலில் நின்றாள். கெட்ட முட்டைகளைத் தூக்கிக்கொண்டுபோய் எங்கேயாவது புதைக்கும்படி ரைட்டர் அவளிடமே சொன்னார். பிச்சைமுத்து கூடையில் சாக்கை விரித்து முட்டைகளை அடுக்கினான். அவள் முகத்தை ஏறெடுத்துப் பார்க்கவில்லை.

"குலுக்காம எடுத்துக்கினு போ. வெடிச்சிடும். காத்து படக்கூடாது. காத்து பட்டா நாத்தம் ஊரக் கூட்டும். உமியில பொதைச்சி, அடுப்பு ஓரமா வெச்சிடு. இனிமே திருப்ப வேண்டியது இல்ல."

கூமுட்டையை அடுப்பு ஓரமாக வைப்பார்களா என்று ரைட்டர் கேட்கவில்லை. அவர் வீட்டில் கோழி இல்லை. குஞ்சம்மாள் புருசனை ஒரு கணம் பார்த்தாள். முந்தானையைக் கூடைமேல் இழுத்துப் போர்த்தி இடுப்பில் ஏற்றிக்கொண்டு, மூன்று மைல் தூரமும் வயிற்றுப்பிள்ளைக்காரி மாதிரி நிதானமாக நடந்து போனாள்.

ஸ்டேஷனிலிருந்து மேலே கடிதம் போனது: நுணாக்குட்டைக்கு ஒதுக்கிய இடங்கள் பதினைந்து, நிரம்பியது ஒன்று, தகுதியான நபர்கள் கிடைக்கவில்லை. பதில் மறுநாளே வந்தது: காலியிடங்கள் பதினாலையும் உடனே நிரப்பி அறிக்கை அனுப்பவும்.

இருபத்தோராம் நாள் ஸ்டேஷன் பெட்டியில் மூன்று குஞ்சும் ஓட்டை உடைத்து வெளியே வந்தன. பாரா நின்றவர் பிச்சைமுத்துவை எழுப்பிக் காட்டினார். அவனுக்குச் சிரிப்பு வந்தது, ஒரு வாரத்தில் முதல் தடவையாக. அந்தச் சிரிப்பு பால்காரர் வரும்வரைதான் நிலைத்தது.

"நுணாக்குட்டையில வூட்டுக்கு வூடு கீச்சு கீச்சுங்குது. பேரு பாத்து வூட்டுக்கு வூடு பிரிச்சிக் குடுத்த முட்டை அத்தினியும் பொரிச்சிடுச்சாம்" என்று பால் ஊற்றிக்கொண்டே அவர் சந்தோஷமாகச் சொன்னார்.

ரைட்டர் மெதுவாகப் பேனாவைத் திறந்தார்.

"பொரிச்சிதுன்னா அது கூமுட்டை இல்ல" என்றார். "கூமுட்டை இல்லன்னா அவன் நிரபராதி இல்ல."

"எந்த வூட்ல சத்தம் கேக்குதோ, அந்த வூட்டுக்காரன எழுதிக்குவோம்" என்றார் இன்ஸ்பெக்டர். "இது அத்த உட நல்ல விஞ்ஞானம். காதால கேக்குற சாட்சி."

பிச்சைமுத்துவை நடுவில் உட்காரவைத்துக்கொண்டு ஜீப் கிளம்பியது. அவன் வழி பூராவும் கண்ணை மூடிக்கொண்டிருந்தான். பிறந்து ஒரு நாள்கூட ஆகாத குஞ்சிடம் கத்தாதே என்று யார் சொல்ல முடியும்? தெருமுனையில் எஞ்சினை அணைத்தார்கள். மூன்று பேரும் இறங்கி நடந்தார்கள்.

வீரமுத்து வீடு. ரைட்டர் கதவருகே காதை வைத்தார். சத்தம் இல்லை. அடுத்த வீடு, இல்லை. பூமாலை வீடு, இல்லை. பொம்பளைகள் வாசலில் நின்றார்கள், ஆனால் ஒருத்தியும் பிச்சைமுத்துவின் முகத்தைப் பார்க்கவில்லை. கொளஞ்சியம்மாள் சட்டென்று திரும்பி உள்ளே போய்விட்டாள். பத்து, பன்னிரண்டு, பதினாறு வீடும் தாண்டியாகிவிட்டது. தெருவில் காலடிச் சத்தத்தைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை. அய்யனாரே, காப்பாற்றிவிட்டாய் என்று பிச்சைமுத்து நினைத்தான்.

பிறகுதான் கேட்டது. பதினேழாவது வீட்டில், அவனுடைய வீட்டில், ஊரின் அத்தனை குஞ்சும் சேர்ந்து கத்திக்கொண்டிருந்தன. வாசல் பூராவும் கவிழ்த்த கூடைகள். நடுவில் குஞ்சம்மாள் நின்றாள், கண் சிவந்திருந்தது.

"ஜீப்பு வருதுன்னாங்க. ஆளாளுக்கு மடியில கட்டியாந்து கொட்டிட்டுப் பூட்டாங்க. வாணாம் வாணாம்னு கத்துனேன், ஒருத்தியும் கேக்கல" என்றாள். "எங்கண்ணன் பொண்டாட்டிதான் மொதல்ல வந்தது."

குஞ்சுகளைக் கொண்டுவந்தார்களே தவிர, பேர் எழுதிய ஓடுகளை ஒருத்தியும் கொண்டுவரவில்லை. அவை பதினாறு அடுப்பில் எரிந்து முடிந்திருந்தன.

இன்ஸ்பெக்டர் நாராயணசாமி கூடைகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தார். அவருக்கு மனசு கேட்கவில்லை.

"ஒரே வூட்டுக்குப் பதினஞ்சு எடமும் போவுதே ரைட்டர். நாயமா இது? நாளைக்கு மத்த ஊர்க்காரன் கேட்டா நான் இன்னா பதில் சொல்றது?"

"தகுதி இருக்குது, குடுத்துட்டோம்னு சொல்லலாம் சார்" என்றார் ரைட்டர். அங்கேயே, ஒரு கூடையின் மேல் காகிதத்தை வைத்து எழுத ஆரம்பித்தார். ஒன்று, பிச்சைமுத்து. இரண்டு, பிச்சைமுத்து என்கிற வீரமுத்து. மூன்று, பிச்சைமுத்து என்கிற முனியன். பதினைந்தாவது வந்ததும் நிறுத்திக்கொண்டார். பெயர் மிஞ்சியிருந்தது, இடம் இல்லை.

ஒதுக்கீடு நிரம்பிவிட்டது என்ற செய்தி மலைக்குப் போனது. ஆண்கள் அன்றே இறங்கிவிட்டார்கள். குளித்து, சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டு, கோர்ட்டுக்கும் வந்திருந்தார்கள். ஊர்க்காரன் கூண்டில் நிற்கும்போது வராமல் இருந்தால் மரியாதை இல்லையே. வீரமுத்து முன்வரிசையில் நின்றான். குஞ்சம்மாள் அவனுக்குப் பக்கத்தில் நிற்காமல் சுவர் ஓரமாகப் போய் நின்றாள்.

மாஜிஸ்திரேட் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "குற்றவாளிகள் பதினைந்து பேர் என்று போட்டிருக்கிறதே?"

"எல்லாரும் ஆஜர், அய்யா" என்றார் இன்ஸ்பெக்டர்.

டவாலி பட்டியலைப் பிரித்துக் கூப்பிடத் தொடங்கினார். "பிச்சைமுத்து."

"உள்ளேன் அய்யா."

"பிச்சைமுத்து என்கிற வீரமுத்து."

தன் பேர் காதில் விழுந்ததும், பழக்கதோஷம், முன்வரிசையில் நின்ற வீரமுத்து வாயைத் திறந்துவிட்டான். திறந்தபிறகுதான் எங்கே நிற்கிறோம் என்று நினைவு வந்தது. கூண்டைப் பார்த்தான். பிச்சைமுத்துவும் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். கோர்ட் காத்திருந்தது. டவாலி மறுபடியும் கூப்பிட்டார்.

வீரமுத்து மெதுவாக வாயை மூடிக்கொண்டான்.

"உள்ளேன் அய்யா" என்றான் பிச்சைமுத்து. இன்னும் பதிமூன்று பேர் இருந்தார்கள்.